வரையாத கோடுகள்: ஃப்ரேமுக்குள் கண் நடக்கும் வழி

சப்தரிஷி மண்டலத்தை வானில் அடையாளம் கண்டவர்கள் அடுத்துத் தேடுவது துருவ நட்சத்திரத்தை. கரண்டி போன்ற அந்த உருவத்தின் கிண்ணத்தில், கைப்பிடிக்கு எதிர்ப்புறம் இருக்கும் இரண்டு நட்சத்திரங்களை மனதுக்குள் இணைக்க வேண்டும். அடியிலிருந்து மேல்விளிம்பு நோக்கிப் போகும் அந்தக் கோட்டை, இரண்டுக்கும் இடையில் உள்ள தூரத்தைப் போல ஏறத்தாழ ஐந்து மடங்கு நீட்டினால் துருவ நட்சத்திரம் வந்துவிடும். வானில் கோடு எதுவும் இல்லை. இருப்பது இரண்டு புள்ளிகள், பிறகு வெறும் இருட்டு, கடைசியில் இன்னொரு புள்ளி. ஆனாலும் கண் தடுமாறாமல் போய்ச் சேர்கிறது.

துருவ நட்சத்திரம் அப்படியொன்றும் கண்ணைப் பறிக்கும் நட்சத்திரம் அல்ல. கிண்ணத்தில் உள்ளவற்றின் அளவுக்குத்தான் அதுவும் ஒளிரும். சுற்றுவட்டாரத்தில் அதற்குப் போட்டியாக இன்னொன்று இல்லாததால்தான் கோடு அங்கே இறங்குகிறது. புகைப்படத்தில் கற்பனைக் கோடு பலிப்பதும் பலிக்காமல் போவதும் இதே கணக்குதான். எங்கே கிளம்புகிறது, நடுவில் என்ன இருக்கிறது, எங்கே இறங்குகிறது? கிளம்பும் இடத்தைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். படம் கெடுவது பெரும்பாலும் மற்ற இரண்டில்.

சாலை, தண்டவாளம், மதில், படிக்கட்டின் கைப்பிடி எல்லாம் உண்மையாகவே ஃப்ரேமில் இருக்கும் கோடுகள். லீடிங் லைன் (கண்ணை வழிநடத்தும் கோடு) என்று எல்லோரும் சொல்வது இவற்றைத்தான். கற்பனைக் கோடு சென்சாரில் பதிவாவதில்லை. பார்ப்பவர் மனம் போட்டுக்கொள்வது. அருகருகே இருப்பவை, ஒரே மாதிரி இருப்பவை, ஒரே திசையில் தொடர்பவை ஆகியவற்றை மனம் ஒன்றாகச் சேர்த்துப் பார்க்கிறது என்பதை உளவியலாளர் மாக்ஸ் வெர்தைமர் 1923இல் விரிவாக எழுதினார். இத்தாலிய உளவியலாளர் கயெட்டானோ கனிட்சா 1955இல் காட்டிய உருவம் இன்னும் துலக்கமானது. மூன்று கறுப்பு வட்டங்கள், ஒவ்வொன்றிலும் ஒரு துண்டு வெட்டி எடுக்கப்பட்டிருக்கும். வெட்டுகள் ஒன்றையொன்று பார்த்தபடி இருந்தால் நடுவே ஒரு வெள்ளை முக்கோணம் எழுந்து நிற்கும், தாளைவிட வெள்ளையாகக்கூட. அந்த முக்கோணத்தின் விளிம்பை யாரும் வரையவில்லை.

பார்வை

கற்பனைக் கோடுகளிலேயே வலுவானது ஒரு மனிதரின் பார்வை. நம் கண்ணில் கருவிழியைச் சுற்றியுள்ள வெள்ளைப்பகுதி பெரும்பாலான குரங்கினங்களைவிட அதிகமாக வெளியே தெரியும். அதனால் ஒருவர் எந்தப் பக்கம் பார்க்கிறார் என்பது தூரத்திலிருந்தே பிடிபட்டுவிடும். படத்தில் இருப்பவர் பார்க்கும் இடத்தை நாமும் பார்க்காமல் இருக்க முடிவதில்லை.

ஆனால் முகம் ஒரு பக்கமும் கண் ஒரு பக்கமும் போனால் இரண்டு கோடுகள் கிளம்பும். எது ஜெயிக்கும் என்பது முகம் ஃப்ரேமில் எவ்வளவு பெரிது என்பதைப் பொறுத்தது. குளோசப்பில் கண் ஜெயிக்கும். முழு உருவப் படத்தில் கதை வேறு. 6000க்கு 4000 பிக்சல் படத்தில் ஒருவர் பாதி உயரத்துக்கு நிற்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். உடல் 2000 பிக்சல், தலை அதில் ஏழு அல்லது எட்டில் ஒரு பங்கு, கண்ணின் அகலம் சுமார் 35 பிக்சல். அதையே 1080 பிக்சல் அகலமுள்ள மொபைல் திரையில் பார்த்தால் கண் ஆறு பிக்சல்தான். கருவிழி எங்கே திரும்பினால் யாருக்குத் தெரியும்? அங்கே கோட்டைப் போடுவது மூக்கு, தாடை, தோள், பாதம். ஆகவே தூரப்படத்தில் "அங்கே பாருங்கள்" என்று சொல்லாதீர்கள், "அங்கே திரும்பி நில்லுங்கள்" என்று சொல்லுங்கள்.

குளோசப்பில் செய்யும் தவறு வேறு மாதிரி. முகத்தை அசைக்காமல் கண்ணை மட்டும் ஓரத்துக்கு ஓட்டச் சொன்னால் கருவிழி பாதி மறைந்து வெள்ளை மட்டும் மிஞ்சும். கோடும் செத்துவிடும், ஆளும் பயந்தவர் போல இருப்பார். முதலில் மூக்கைப் பொருளின் பக்கம் முக்கால்வாசி திருப்பச் சொல்லி, மிச்சத்தைக் கண்ணுக்கு விடுங்கள். அப்போது கருவிழியின் இரண்டு பக்கமும் கொஞ்சம் வெள்ளை தெரியும்.

கையில் இருக்கும் பொருளைப் பார்ப்பது போன்ற படங்கள் பொய்யாகத் தெரிவதற்கு ஒரு தெளிவான காரணம் உண்டு. இரண்டு கருவிழிகளுக்கும் நடுவே 63 மி.மீ. அளவு இடைவெளி. 30 செ.மீ. தூரத்தில் இருப்பதைப் பார்க்க ஒவ்வொரு கண்ணும் சுமார் 6 டிகிரி உள்நோக்கித் திரும்ப வேண்டும். 3 மீட்டர் தூரத்தில் உள்ளதற்கு அரை டிகிரிக்குச் சற்று மேல் போதும். பொருளின் திசையில் கண்ணை வைத்துக்கொண்டு எங்கோ நினைவாக இருப்பவரின் கண்கள் இந்தத் திரும்பலைச் செய்வதில்லை. கோடு பொருளைத் துளைத்துக்கொண்டு அந்தப் பக்கம் போய்விடுகிறது. பார்ப்பவருக்குக் காரணம் சொல்லத் தெரியாவிட்டாலும் படம் வெறிச்சென்று இருப்பது தெரிந்துவிடும். அதனால் கடிதம் என்றால் ஒரு வரியை வாய்விட்டு வாசிக்கச் சொல்லுங்கள். பூ என்றால் இதழ்களை எண்ணச் சொல்லுங்கள்.

குளிர்கண்ணாடி போட்டவருக்குக் கண்ணின் கோடு கிடையாது, முகத்தின் கோடு மட்டுமே. ஒரு குழுவில் எல்லோரும் ஒருவரைப் பார்க்க, ஒரே ஒருவர் மட்டும் கேமராவைப் பார்த்துவிட்டால் மற்ற எல்லாக் கோடுகளும் வீண். பார்ப்பவர் அந்த ஒருவரிடமே சிக்கிக்கொள்வார். வேண்டுமென்று செய்தால் நல்ல உத்தி. தெரியாமல் நடந்தால் அந்த ஃப்ரேமை ஒதுக்கிவிட்டு அடுத்ததை எடுங்கள்.

பார்வை ஃப்ரேமை விட்டு வெளியே போகிற படங்களில் முகத்துக்கு முன்னால் இடம் விடச் சொல்வார்கள். எவ்வளவு? மூக்குக்கும் ஓரத்துக்கும் நடுவே ஒரு தலையின் அகலம்கூட இல்லையென்றால் ஆள் சுவரில் முட்டிக்கொண்டு நிற்பது போலிருக்கும். அந்த அளவுக்கு மேல், இடம் எவ்வளவு என்பதைவிட அந்த இடத்தில் என்ன இருக்கிறது என்பதே முக்கியம். காலியான, ஒரே தொனியுள்ள (ஒரே அளவு வெளிச்சமுள்ள) இடம் பார்வையை நீட்டும். இலைக்கூட்டமும் விளம்பரப் பலகையும் நிறைந்த இடம் பார்வையைத் தின்றுவிடும்.

கை காட்டுவதற்கும் இதே விதிதான், ஒரு சிக்கல் மட்டும் கூடுதல். கேமராவை நோக்கி நீட்டிய கை படத்தில் சுருங்கி ஒரு முஷ்டியாகத் தெரியும். அதில் திசையே இருக்காது. கையும் லென்ஸின் அச்சும் குறைந்தது 45 டிகிரி விலகியிருக்கும்படி பக்கவாட்டில் நகர்ந்துகொள்ளுங்கள். விரல்நுனியை ஃப்ரேம் ஓரம் வெட்டக் கூடாது. மணிக்கட்டில் வெட்டுப்பட்ட கை எதையும் காட்டுவதில்லை.

மேஜைமேல் ஏழு பொத்தான்கள்

புள்ளிகள் எப்படிக் கோடாகின்றன என்பதை வெளியே போய்த் தேடுவதற்கு முன் மேஜைமேல் பார்த்துவிடுவது நல்லது. ஒரே மாதிரியான வெள்ளைச் சட்டைப் பொத்தான்கள் ஏழு, கருநிறத் துணி, ஜன்னல் வெளிச்சம். பொத்தான்களை 3 செ.மீ. இடைவெளியில் நேராக அடுக்கி நேர்மேலிருந்து மொபைலில் எடுங்கள்.

நான்காவதை எடுத்துவிடுங்கள். கோடு அறுபடாது, இல்லாத பொத்தானையும் சேர்த்தே கண் எண்ணும். ஐந்தாவதையும் எடுங்கள். இப்போது மூன்று ஒரு பக்கம், இரண்டு ஒரு பக்கம், இரண்டு தனிக் குழுக்கள். எடுத்ததைத் திரும்ப வைத்து, ஒரு பொத்தானை அதன் அகலம் அளவுக்குப் பக்கவாட்டில் நகர்த்துங்கள். கண் நேராகப் போய் அதில் நிற்கும். நகர்த்திய பொத்தானுக்கு இரண்டு பக்கமும் உள்ளவற்றையும் பாதியளவு நகர்த்தினால் அது தவறாகத் தெரியாது, வளைவாகிவிடும். ஒரு பொத்தானை மட்டும் சிவப்பாக மாற்றுங்கள். வரிசை இருக்கும், ஆனால் பயணம் அங்கேயே முடிந்துவிடும். சிவப்பு கடைசிப் பொத்தானாக இருந்தால் அதுவே இறங்குமிடம், நடுவில் இருந்தால் முட்டுக்கட்டை.

அடுத்து, அதே அளவுள்ள வெள்ளைக் கூழாங்கற்கள் பத்தைச் சுற்றிலும் இறைத்துவிடுங்கள். பொத்தான்கள் இம்மியும் அசையவில்லை. கோடு போய்விட்டது. கடைசியாகக் கற்களை எடுத்துவிட்டு வரிசையின் குறுக்கே ஒரு வெள்ளை நூலைப் போடுங்கள். கண் பொத்தான்களை விட்டுவிட்டு நூலைப் பிடித்துக்கொள்ளும். உண்மைக் கோடும் கற்பனைக் கோடும் மோதினால் உண்மைக் கோடுதான் ஜெயிக்கும். இது தெரியாமல்தான் பலர் அருமையான பார்வைக் கோட்டின் குறுக்கே ஒரு விளக்குக் கம்பத்தையோ கைப்பிடிக் கம்பியையோ விட்டுவைக்கிறார்கள்.

இந்தச் சோதனைக்குப் பதினைந்து நிமிடம் போதும். கம்போசிஷன் பற்றிய எத்தனையோ படவிளக்கங்களைவிட இதில் கற்றுக்கொள்வது அதிகம் என்பது என் உறுதியான எண்ணம்.

கேமரா நிற்கும் இடம்

மேஜையில் பொத்தானை நகர்த்தலாம். வெளியே நாம்தான் நகர வேண்டும். அதற்கு இருக்கும் பெரிய வசதி, நாம் நகரும்போது பக்கத்தில் உள்ளது அதிகமாகவும் தூரத்தில் உள்ளது கொஞ்சமாகவும் நகர்வது. ஃபுல் ஃப்ரேம் கேமராவில் 50 மி.மீ. லென்ஸ் போட்டு 20 செ.மீ. பக்கவாட்டில் நகர்ந்தால், 1 மீட்டர் தூரத்தில் உள்ள பொருள் சென்சாரில் 10 மி.மீ. நகரும். சென்சாரின் அகலமே 36 மி.மீ.தான், அதில் கால்பங்குக்கு மேல். 10 மீட்டர் தூரத்தில் உள்ளது 1 மி.மீ. மட்டுமே நகரும். முன்னால் இருக்கும் தொட்டியின் விளிம்பையும் தூரத்தில் நிற்கும் ஆளையும் ஒரே கோட்டில் சேர்க்க அரை அடி நகர்வு போதும். ஜூம் வளையத்தை எவ்வளவு திருகினாலும் இது நடக்காது. ஜூம் எல்லாவற்றையும் ஒரே விகிதத்தில் பெரிதாக்குகிறது, வரிசையை மாற்றுவதில்லை.

உயரம் இன்னும் சுவாரஸ்யமானது. ஏறத்தாழ ஒரே உயரமுள்ளவர்கள் சமதளத்தில் முன்னும் பின்னுமாக நிற்கிறார்கள். கேமராவை அவர்கள் கண் மட்டத்தில் நேராகப் பிடித்தால் பக்கத்தில் இருப்பவர், தூரத்தில் இருப்பவர் எல்லோருடைய கண்களும் ஒரே கிடைக்கோட்டில் வந்து நிற்கும். அமைதியான படம், சில சமயம் துணி காயப்போட்ட கொடி போல உயிரற்றும் இருக்கும். முழங்காலிட்டு எடுத்தால் பக்கத்துத் தலை மேலே ஏறும், தூரத்துத் தலைகள் படிப்படியாக அடிவானத்தை நோக்கி இறங்கும். சாய்வுக் கோடு தானாக அமைந்துவிடும். ஒரு நாற்காலிமேல் ஏறினால் நேர்மாறு: பக்கத்தில் இருப்பவர் கீழே, தூரத்தில் இருப்பவர் மேலே. எந்தத் தலையில் கோடு முடிய வேண்டும் என்று முதலில் முடிவு செய்துகொண்டு உட்காருவதா ஏறுவதா என்று தீர்மானியுங்கள்.

வரிசையாக நிற்கும் விளக்குகளையோ மரங்களையோ எடுக்கும்போது முதல் இடைவெளி பெரிய தொல்லை. 2 மீட்டருக்கு ஒன்றாகப் பொருள்கள் நிற்கின்றன, முதலாவது உங்களிடமிருந்து 2 மீட்டரில். படத்தில் முதல் இரண்டுக்கும் உள்ள இடைவெளி அடுத்த இடைவெளியைப் போல மூன்று மடங்காக இருக்கும். முதல் பொருள் வரிசையில் சேராமல் தனியாகப் பிரிந்து நிற்கும், ஐந்தாவது பொத்தானை எடுத்தபோது நடந்தது போலவே. முதல் பொருள் 8 மீட்டரில் இருக்கும்படி பின்னால் போய் அதற்கேற்ற நீண்ட லென்ஸைப் போட்டால் அந்த விகிதம் மூன்றிலிருந்து ஒன்றரையாகக் குறைந்துவிடும். வரிசை பிடித்துக்கொள்ளும். வைட் லென்ஸ் (அகன்ற காட்சியைப் பிடிப்பது)தான் கோடுகளுக்கு நல்லது என்பது உண்மைக் கோடுகளுக்குப் பொருந்தும். புள்ளிகளால் ஆன கோட்டுக்குப் பெரும்பாலும் 85 மி.மீ. போன்ற லென்ஸே கைகொடுக்கும்.

ஃபோகஸ் ஆழத்தையும், அதாவது முன்பின்னாக எவ்வளவு தூரம் கூர்மையாகத் தெரியும் என்பதையும், இங்கேயே சொல்லிவிடலாம். பார்ப்பவர் ஒரு முனை, பார்க்கப்படுவது மறுமுனை. மறுமுனை அடையாளம் தெரியாத அளவுக்கு மங்கினால் கோட்டுக்கு இறங்குமிடம் இல்லை. 50 மி.மீ. லென்ஸில் 3 மீட்டரில் ஃபோகஸ் வைத்தால், எஃப்/1.8இல் (எஃப் எண் கூடக்கூட லென்ஸின் துவாரம் சிறிதாகும்) கூர்மை சுமார் 2.8 முதல் 3.2 மீட்டர் வரைதான். எஃப்/8இல் 2.3 முதல் 4.2 மீட்டர் வரை கிடைக்கும். இரண்டு பேர் ஒரு மீட்டர் முன்பின்னாக நின்று ஒருவரையொருவர் பார்க்கும் படத்துக்கு எஃப்/8க்குக் குறையாமல் வையுங்கள், வெளிச்சம் போதாவிட்டால் ஐஎஸ்ஓவை (கேமராவின் ஒளியுணர்வு அளவை) ஏற்றுங்கள். கொஞ்சம் நாய்ஸ் (புள்ளிப்புள்ளியான சொரசொரப்பு) வந்தாலும் கோடு பிழைக்கும். மறுமுனையை மங்கலாகவே விட விரும்பினால் உருவரை தெளிவாகப் புரிகிற அளவோடு நிறுத்துங்கள்: இருண்ட பின்னணியில் வெளிச்சமான உருவம், அல்லது வெளிச்சமான பின்னணியில் இருண்ட உருவம்.

தொடாமல் நிற்பது

இரண்டு பொருள்கள் நெருங்கி, தொடாமல் நிற்கும்போது நடுவில் உள்ள சின்ன இடைவெளிக்கு அசாத்திய இழுப்பு உண்டு. 1932இல் பாரிஸின் சான் லாசார் ரயில் நிலையத்துக்குப் பின்னால் பிரெஞ்சுப் புகைப்படக் கலைஞர் ஹென்றி கார்ட்டியர் பிரெஸ்ஸன் எடுத்த படத்தில், தேங்கிய தண்ணீரைத் தாண்டும் மனிதரின் குதிகால் நீர்ப்பரப்பைத் தொடப்போகும் கணத்தில் நிற்கிறது. கீழே பிரதிபலிப்பு. பின்சுவரில் ஒட்டிய சுவரொட்டியில் இன்னொரு உருவமும் தாவிக்கொண்டிருக்கிறது. குதிகால் தண்ணீரில் பட்டிருந்தால் அந்தத் தாவல் முடிந்துபோயிருக்கும். படாததால் இன்னும் அதை நாம்தான் முடித்துக்கொண்டிருக்கிறோம்.

விளிம்புகள் லேசாக உரசுவது எல்லாவற்றிலும் மோசம். தலையின் உச்சி பின்னணிக் கதவின் மேல்சட்டத்தைத் தொட்டுக்கொண்டிருந்தால் இரண்டும் ஒட்டிக்கொண்டு ஒரே பொருளாகிவிடும். தெளிவாக விலக்குங்கள், இல்லையென்றால் தெளிவாக மறைக்க விடுங்கள்.

நகரும் பொருளின் கோடு அதன் உடல்சாய்விலிருந்து வருகிறது. நடப்பவரின் இரண்டு கால்களும் ஒன்றையொன்று கடக்கும் கணத்தில் எடுத்தால் அவர் ஒற்றைக்காலில் நிற்கும் தூண். கால்கள் விரிந்த கணத்தில் எடுத்தால் திசை உண்டு. நடப்பவருக்கு ஷட்டர் ஸ்பீட் 1/250 நொடி, ஓடுபவருக்கு 1/1000 நொடி என்று தொடங்கலாம். பேன் செய்வதென்றால், அதாவது நகரும் ஆளைத் தொடர்ந்து கேமராவைத் திருப்பிக்கொண்டே எடுப்பதென்றால், 1/30 சுற்றுவட்டாரம். அப்போது பின்னணி இழுபட்டு உண்மைக் கோடாகவே ஆகிவிடும், கற்பனைக்கு வேலை குறைவு.

குழுப் படங்களில் மூன்று முகம் என்றால் முக்கோணம், இதற்கு அதிகம் விளக்கம் வேண்டாம். ஒருவரின் தாடை அடுத்தவரின் கண் மட்டத்துக்கு வரும்படி ஒருவரை உட்காரவோ படியில் நிற்கவோ வையுங்கள், போதும். ஐந்து பேர் என்றால் நடுவில் இருப்பவரைப் பொதுவாக வைத்து இரண்டு முக்கோணங்கள். முகங்களுக்கு நடுவே ஒரு முகத்தின் அகலத்தைவிட அதிக இடைவெளி விட்டால் குழு உடைந்துவிடும். முகங்களை இணைக்கும் வேலையைக் கைகளும் செய்யும். தோளில் வைத்த கை, மடியில் இருக்கும் கை ஆகியவையும் புள்ளிகள்தான். அவற்றைக் கவனிக்காமல் விட்டால் ஓரத்தில் தொங்கும் ஒரு வெளிச்சமான கை கண்ணை வெளியே இழுத்துப் போய்விடும்.

திரையில் சரிபார்ப்பது

கேமராவின் பிக்சர் ஸ்டைலைக் (படத்தின் தோற்றத்தைத் தீர்மானிக்கும் அமைப்பை) கறுப்பு வெள்ளையாக வைத்து ரா ஃபைலில் (சென்சார் பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் ஃபைலில்) எடுங்கள். திரையில் தொனி மட்டும் தெரியும், நிறம் ஃபைலில் பத்திரமாக இருக்கும். போட்டிப் புள்ளிகள் இதில் உடனே அகப்பட்டுவிடும். எடுத்த பிறகு படத்தைத் தம்ப்நெயில் அளவில், தலைகீழாகத் திருப்பிப் பாருங்கள். முகம் முகமாகத் தெரியாதபோது புள்ளிகளும் இடைவெளிகளும்தான் கண்ணில் படும். மொபைலில் படத்தின் நகல் மேல் விரலால் கோடுகளை வரைந்து பார்ப்பதும் பயனுள்ள பழக்கம். வரைந்த கோடு எங்கே போய் நிற்கிறது? அங்கே பார்க்க ஏதாவது இருக்கிறதா?

எடிட்டிங்கில் செய்யக்கூடியது சிறிய தள்ளுமுள்ளுதான். கோட்டின் இரண்டு முனைகளுக்கும் எக்ஸ்போஷரை (வெளிச்ச அளவை) 0.3 முதல் 0.5 ஸ்டாப் வரை (ஒரு ஸ்டாப் என்பது வெளிச்சம் இரட்டிப்பாவது) ஏற்றுங்கள், நடுவில் உள்ள சந்தடியை அதே அளவுக்கு இறக்குங்கள். ஒரு முழு ஸ்டாப் போனால் பூசியது தெரிந்துவிடும். நடுவழியில் உள்ள பளிச்சென்ற நிறத்தின் சாச்சுரேஷனைக் (நிறத்தின் அடர்த்தியை) குறைப்பது வெளிச்சத்தைக் குறைப்பதைவிட இயல்பாக இருக்கும். க்ராப் செய்யும்போது முதலில் இறங்குமிடத்தைச் சுற்றி மூச்சுவிட இடம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, கிளம்புமிடத்தின் பக்கம் வெட்டுங்கள். பலரும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். செய்திப் படங்களில் போட்டிப் புள்ளியை அழிக்கும் உரிமை கிடையாது. அங்கே நடுவில் நிற்கும் கம்பத்தை நீக்க ஒரே வழி, ஷட்டரை அழுத்துவதற்கு முன் அரை அடி நகர்வது.